உள்ளியும் அதற்கு மாற்றும்

கமக்காரர்களே, வெங்காயமும் மிளகாயும் விற்ற பணத்தில் ஒரு பகுதியை உள்ளித்தூளுக்கும் புட்டியில் அடைத்த உள்ளி விழுதுக்கும் கொடுத்துவரும் வீடுகள் இப்பொழுது வன்னியிற் பல. இது பெரிதும் வேண்டாத செலவு என்பதே எமது கருத்து.

இலங்கையில் விற்கப்படும் உள்ளியிற் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகின்றது. பல் பிரிந்து திரள்வதற்கு உள்ளிக்குக் குளிர் வேண்டும். நுவரெலியா, வெலிமடைப் பக்கங்களிற் சிறிதளவு விளைவது அதனாலேயே. யானும் கிளிநொச்சியில் ஒரு காலபோகத்தில் அரைப் பாத்தி ஊன்றிப் பார்த்தேன். தாள் செழித்தது; கிழங்கோ சுண்டங்காயளவிற் பல் பிரியாது நின்றுவிட்டது. ஆகையால் விற்பனைக்கென உள்ளி பயிரிட முனைவோரை யான் தடுக்கவே செய்வேன்.

ஆயினும் சமையலுக்கு முழு உள்ளியே சிறந்தது. அதன் காரமும் மணமும் பல்லை நசுக்கும்போதே பிறக்கின்றன. நசுக்கியவுடன் கொதிக்கும் எண்ணெயில் இட்டால் அவற்றை உண்டாக்கும் நொதியம் அழிந்துபோம். புதிதாகச் சமையல் பழகுவோர் நசுக்கியதைப் பத்து நிமிடம் வைத்திருந்து, வெங்காயம் வதங்கிய பின்னரே சட்டியில் இடுக. கருகினாற் கறி முழுதும் கசக்கும்.

உள்ளி கிடையாத நாளில் ஒரு பல்லுக்கு எட்டிலொரு தேக்கரண்டி தூள் போதும். தூள் எளிதிற் கருகுமாதலால் குழம்பு கொதிக்கும்போது சேர்த்தல் நன்று. பருப்புக்கும் இரசத்துக்கும் எண்ணெயிற் பொரித்த ஒரு சிட்டிகை பெருங்காயம் ஏறக்குறைய அம்மணத்தைத் தரும். சொதிக்கு நமது தோட்டத்துச் சின்ன வெங்காயமும் அதன் தாளுமே போதுமானவை. பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கும் சரக்குக் கறிக்கு மட்டும் மாற்றுத் தேடற்க. அங்கே உள்ளியே கறி.

விழுதை வீட்டிலே அரைத்து எண்ணெயில் ஊறவைத்து அடுப்படியில் வைக்கும் வழக்கம் மிகவும் அஞ்சத்தக்கது. மண்ணிலுள்ள ஒருவகை நுண்கிருமி, காற்றுப் புகாத எண்ணெயினடியிற் பெருகிக் கொடிய நஞ்சை உண்டாக்கும். மணத்தாலோ சுவையாலோ அதனை அறியவியலாது. கனடாவின் வன்கூவர் நகரில் 1985 ஆம் ஆண்டு அத்தகைய புட்டி உள்ளியால் 36 பேர் நோயுற்றனர். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றே இடித்துக்கொள்க. எஞ்சிய முழு உள்ளியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வலைப்பையிலிட்டுத் தூக்கிவைக்கலாம்.

முளைகொண்ட பற்களை எறியாது கிணற்றடிப் பாத்தியில் ஊன்றுக. கிழங்கு கிடையாது; தாளை அரிந்து சம்பலிலும் சொதியிலும் இடலாம்.