தார்ச்சாலை காட்டும் 60 டிகிரி

அக்னி நட்சத்திரம் தொடங்கினால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு குற்றச்சாட்டு சுற்ற ஆரம்பித்துவிடுகிறது: "ரோட்டில் 60 டிகிரி அடிக்கிறது, வானிலை ஆய்வு மையம் 41 என்று சொல்லி மறைக்கிறது." கூடவே ஒரு வீடியோ. தார்ச்சாலையை நோக்கி ஒருவர் வெப்பமானித் துப்பாக்கியைப் பிடிக்கிறார். கொரோனா காலத்தில் நம் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவியின் இனம்தான். அதில் தெரியும் எண் பொய்யல்ல. ஆனால் அது தாரின் வெப்பம். நடுவில் இருக்கும் காற்றை அந்தக் கருவி அளப்பதே இல்லை.

வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. தரைதான் அதை வாங்கிக் கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலே போக, மேலிருக்கும் காற்று கீழிறங்கிக் கலக்கிறது. அதனால் தரையிலிருந்து சில அங்குலம் ஏறுவதற்குள் வெப்பம் மளமளவென்று குறைந்துவிடும். நெடுஞ்சாலையில் தெரியும் கானல்நீரே இதற்குச் சாட்சி. கீழும் மேலும் ஒரே சூடாக இருந்தால் ஒளி அப்படி வளையாது. அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் 1972 ஜூலை 15 அன்று தரை 93.9 டிகிரியைத் தொட்டது. அன்று அங்கே காற்றின் உச்ச வெப்பம் 53.3. இரண்டும் சரியான அளவுகளே.

செயற்கைக்கோளைச் சாட்சிக்கு அழைப்பவர்களும் உண்டு. 2022 ஏப்ரல் இறுதியில் ஐரோப்பிய விண்வெளி முகமை வெளியிட்ட படத்தில் குஜராத்தின் சில பகுதிகள் 60 டிகிரியைத் தாண்டியிருந்தன. அது நிலப்பரப்பின் வெப்பம் என்று முகமையே சொல்லியிருந்தும், காற்றின் வெப்பம் என்றே பலர் பரப்பினார்கள்.

"நிழலில் பெட்டிக்குள் வைத்து அளப்பது ஏமாற்று வேலை" என்பது அடுத்த வாதம். வெயிலில் வைத்த வெப்பமானி தானே வெயிலை வாங்கிச் சூடாகி, தன் சூட்டையே காட்டும். வெயிலில் நிறுத்திய காரின் திரையைப் பாருங்கள்: கிளம்பும்போது 45 காட்டுவது, ஓட ஓட இறங்கும். அதனால்தான் காற்று புகுந்து போகும் வெள்ளைப் பெட்டி. அதைத் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும் என்பது உலக நாடுகள் ஒத்துக்கொண்ட விதி.

ஊட்டியின் ஜனவரி விடியலை யாரும் இந்த வழக்கில் சேர்ப்பதில்லை. பெட்டிக்குள் 2 டிகிரி இருக்கும்போதே வெளியே புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். தெளிந்த வானத்தின் கீழ் தரை தன் வெப்பத்தை இழந்து, காற்றைவிட முன்னதாகக் குளிர்ந்துவிடுகிறது. பகலில் சாலையும் இரவில் புல்லும் காட்டுவது ஒரே இயற்கையை. இங்கே மறைக்க என்ன இருக்கிறது?

2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று பதிவானபோது, வானிலைத் துறையே ஆராய்ந்து, உணரி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று அறிவித்தது. இதையும் மூடிமறைப்பு என்றார்கள். பிழையான கருவியின் எண்ணை அப்படியே விட்டிருந்தால்தான் அது தவறு.

ஆனாலும் இந்தக் கோபத்துக்குள் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் தள்ளிவிட மாட்டேன். தார் ஊற்றும் தொழிலாளியின் உடல் காற்றின் வெப்பத்தை மட்டும் தாங்கவில்லை. மேலே வெயில், கீழே தார், இரண்டின் அனலையும் வாங்குகிறது. 41 என்ற எண்ணில் அந்த அனல் இல்லை. அதை அளக்கவும் வழி உண்டு: கறுப்புக் கோளத்துக்குள் ஒரு வெப்பமானி, ஈரத்துணி சுற்றிய இன்னொன்று, நிழலில் மூன்றாவது, மூன்றையும் சேர்த்து ஒரு கணக்கு. 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் சரிந்து விழுந்ததைத் தடுக்க உருவான முறை இது. சாலைப் பணியிலும் கட்டட வேலையிலும் எத்தனை மணிக்கு ஆட்களை நிழலுக்கு அனுப்ப வேண்டும் என்பதை இந்த அளவை வைத்து முடிவுசெய்யச் சொல்லிக் கேட்போம்.