நாய்க்கடி ஊசியும் நரம்பும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பேச்சைக் கேளாமல் வளர்ந்தவர் நம் வாசகர்களில் வெகு சிலரே இருப்பர். அந்த ஊசி வழக்கொழிந்து இருபது வருஷங்களுக்கு மேலாகிறது. அதைப் பற்றிய பயம் மட்டும் ஒழியவில்லை. சென்ற மாதம் பேகம்பூரில் அந்தப் பயத்தோடு நாம் வாதாட நேர்ந்தது. வாதத்தில் வென்றோம், வென்ற பிறகுதான் நம் பக்கம் பாதி தவறு என்று தெரிந்தது.

திண்டுக்கல்லுக்குப் புதிதாக வருபவருக்குப் பேகம்பூர் என்றால் பெரிய பள்ளிவாசலையும், ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் சமாதியையும் காட்டுவார்கள். உள்ளூரில் இருப்பவருக்கோ முதலில் நினைவு வருவது தோல் ஷாப்பின் வாடைதான். இறைச்சிக் கடைகளும் உண்டு. ஆகவே நாய்களுக்கும் குறைவில்லை. நம்மிடம் எட்டாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவனை மாலையில் வீடு திரும்பும் வழியில் அப்படியொரு நாய் கெண்டைக்காலில் நன்றாகக் கடித்துவிட்டது. பின்னால் வந்து கொண்டிருந்த நாம் அவனைத் தெருக் குழாயடிக்கு இழுத்துச் சென்று, கடையில் ஒரு சோப்பு வாங்கி, கால் மணி நேரம் காயத்தைக் கழுவினோம். இதற்குள் செய்தி வீட்டுக்கு எட்டி, அவனுடைய பாட்டி ஓடி வந்தார்.

"வாத்தியாரய்யா, என்ன வேணும்னாலும் செய்யுங்க, ஊசி மட்டும் வேண்டாம். என் தம்பியை நடக்க முடியாம ஆக்கினது அந்த ஊசிதான்" என்றார் அந்த அம்மாள்.

நாம் சிரித்தோம். வாத்தியார்களுக்கே உரிய தோரணையில், "ஊசி காலை முடக்காது அம்மா, நாய்தான் உயிரை முடிக்கும்" என்றும் சொல்லிவிட்டோம். தோல் ஷாப்பிலிருந்து ஓடி வந்த பையனின் தகப்பனார் நம் பக்கம் சேரவே, அன்றே ஊசி போடப்பட்டது. அது சரியான காரியம்தான். வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைத்தவர் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணத்தக்கவர். ஆனால் நாம் சிரித்தது சரியல்ல. அந்த அம்மாள் சொன்னது மூட நம்பிக்கை அன்று. மருத்துவ நூல்களில் ஏறிய உண்மை.

தம்பியின் கதையைப் பிறகு விவரமாகக் கேட்டோம். ஐம்பது வருஷத்துக்கு முந்திய சம்பவம். பதினாறு வயதுப் பையன். ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் தினம் ஓர் ஊசியாக வயிற்றில் போட்டு வந்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலில் எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்றான். மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை, சிறுநீரும் பிரியவில்லை. உயிர் தப்பியது. ஆனால் கடைசி வரையில் கோலூன்றியே நடந்தான்.

இது எப்படி நேர்ந்தது? இதற்குக் குன்னூர் வரையில் போய்வர வேண்டும்.

பிரான்ஸ் தேசத்து லூயி பாஸ்டர், 1885-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஜோசப் மீஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன் முதலாக வெறிநாய்க்கடிச் சிகிச்சை செய்தார். அவர் உபயோகித்தது, நோய் கண்ட முயலின் முதுகுத் தண்டை உலர்த்தி எடுத்த மருந்து. வெறிநோய்க் கிருமி குடியிருப்பது நரம்பில். ஆகவே நரம்பிலிருந்துதான் மருந்தும் எடுக்க முடிந்தது. இந்தியாவில் 1900-த்தில் கசௌலியிலும், 1907-ல் நம் நீலகிரியிலுள்ள குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் ஏற்பட்டன. குன்னூர் நிலையத்துக்கு ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அளித்த நன்கொடை உதவிற்று. 1911-ல் கசௌலியிலிருந்த டேவிட் செம்பிள் என்ற ஆங்கில ராணுவ வைத்தியர் ஒரு புது முறை கண்டார். நோய் ஏற்றிய மிருகத்தின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலம் சேர்த்துக் கிருமியைக் கொன்று, அந்தக் கரைசலையே ஊசி மூலம் ஏற்றுவது. பிற்காலத்தில் நம் நாட்டில் இதற்கு ஆட்டு மூளையே பயன்பட்டது. கிருமி செத்த மருந்தாகையால் புட்டியில் அடைத்துத் தொலைதூர ஊர்களுக்கும் அனுப்ப முடிந்தது. கடிபட்டவர் மலையேறிக் குன்னூருக்குப் போக வேண்டிய நிர்ப்பந்தம் மறைந்தது. இம்மருந்தால் பிழைத்த ஜீவன்கள் எத்தனையோ. செம்பிளைக் குறை சொல்வது நம் நோக்கமன்று.

ஆனால் ஆட்டு மூளையோடு வேறொன்றும் உள்ளே சென்றது. மின்சாரக் கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பது போல, நரம்பின் மேலும் கொழுப்பும் புரதமும் கலந்த ஓர் உறை உண்டு. மயலின் என்று அதற்குப் பெயர். ஆட்டின் மயலினும் மனிதனின் மயலினும் அநேகமாக ஒரே ஜாடை. உடம்பின் காவற்படை, ஊசியில் வந்த ஆட்டு மயலினை அந்நியன் என்று குறித்துக்கொண்டு எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. பதினான்கு நாள் பாடம்! நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகு, அதே ஜாடையுள்ள சொந்த நரம்பைக் கண்டதும் அதன் மேலும் பாய்கிறது. பாய்ந்த இடம் மூளையானால் ஜன்னி போன்ற மயக்கம். முதுகுத் தண்டானால் காலும் சிறுநீரும் நின்று போதல். கை கால் நரம்புகளானால் கீழிருந்து மேலேறும் வாதம். கிருமி ஒன்றுமே இல்லாமல், தன் காவலே தனக்குப் பகையாகும் இந்த விபத்து சில நூறு பேரில் ஒருவருக்கு நேர்ந்ததென்று சில ஊர்க் கணக்கும், சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்று வேறு ஊர்க் கணக்கும் கூறின.

இது வெறும் ஊகமல்ல. 1930-களில் நியூயார்க்கில் ராக்பெல்லர் நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் ரிவர்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும், நோயற்ற முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தனர். வெறிநோய்க் கிருமி அணுவளவும் இல்லாதிருந்தும் குரங்குகள் சிலவற்றுக்கு வாதம் கண்டது. உடம்பு தன்னையே தாக்கக்கூடும் என்பதற்கு அது பெரியதொரு சாட்சியாயிற்று. பல நரம்பு வியாதிகளின் ஆராய்ச்சி அந்தக் குரங்குகளிடமிருந்துதான் தொடங்கிற்று எனலாம். 1987-ல் பாங்காக்கிலிருந்து வந்த ஆராய்ச்சியொன்று, ஊசிக்குப் பின் வாதம் கண்டவர்களின் உடம்பில் மயலின் புரதத்துக்கு எதிரான பொருள்கள் இருப்பதையே எடுத்துக் காட்டியது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நம் தேசத்தில் ஆட்டு மூளை மருந்து எப்போது நின்றது தெரியுமா? 2004-ஆம் வருஷக் கடைசியில்! நரம்பே கலவாமல், கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த உயிரணுக்களிலிருந்து எடுக்கும் மருந்து 1980-களிலேயே இங்கே கடைகளில் கிடைத்தது. காசுள்ளவர் அதை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டார். இல்லாதவர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சென்று வயிற்றைக் காட்டினார். புது மருந்தின் விலை அதிகம், போதிய அளவு செய்ய வசதியில்லை என்ற காரணங்கள் மெய்யே. ஆனாலும் சுதந்திர நாட்டில் ஏழைக்கொரு ஊசி, செல்வனுக்கொரு ஊசி என்ற நிலை இருபது வருஷம் நீடித்ததை நினைத்தால் நம் மனம் ஆறவில்லை. குன்னூர் நிலையம் பின்னர் தானே அந்தப் புது மாதிரி மருந்தைச் செய்ய முற்பட்டது என்பது ஓரளவு ஆறுதல்.

இன்றைய ஊசி புஜத்தில் போடப்படுவது. தோலுக்குள் போடும் முறையில், கடித்த நாளிலும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும், ஒவ்வொரு தடவையும் இரு கைகளிலும் பத்தில் ஒரு பங்கு மில்லி மருந்து. ஆழமான காயத்துக்கு எதிர்ப்புப் புரத மருந்தைக் காயத்திலேயே செலுத்துகிறார்கள். நரம்பு விபத்து இதில் மிக மிக அரிது. பழைய ஊசியின் பழியை இதன் மேல் சுமத்துவது, தகப்பன் பட்ட கடனுக்குச் சம்பந்தமில்லாத அயலானை நோட்டீஸ் அனுப்பிக் கேட்பது போலாகும்.

இது நிற்க. ஆட்டு மூளை போனாலும் அந்த வகை வியாதி உலகை விட்டுப் போகவில்லை. 1916-ல் கியான், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு வைத்தியர்கள் இரு போர்வீரர்களிடம் கண்டு வருணித்ததால் கியான்-பாரே நோய் என்று பெயர் பெற்றது ஒன்று. வருஷத்துக்கு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது. முக்கால்வாசி வேளைகளில் அதற்குச் சில வாரம் முன்பு ஒரு வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போயிருக்கும். காம்பிலோபாக்டர் என்றொரு கிருமி இதில் பேர் போனது. சரியாக வேகாத கோழியிறைச்சியிலும் அசுத்தமான குடிநீரிலும் இருப்பது. அதன் மேலுறையில் உள்ள சர்க்கரைப் பொருளுக்கும் நம் நரம்பின் மேலுள்ள பொருளுக்கும் ஒரே ஜாடை. ஆட்டு மயலினின் கதையேதான்! 2025 ஜனவரியில் புனா நகரத்துச் சிங்ககட் சாலைப் பகுதியில் தொடங்கி இருநூறுக்கும் மேற்பட்டவரை இந்நோய் பிடித்தபோது, அதிகாரிகள் முதலில் சோதித்தது கிணற்று நீரையும் குழாய் நீரையும்தான். தண்ணீர்க் கஷ்டம் அறிந்த நம் திண்டுக்கல் ஜில்லாக்காரர்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதை அலட்சியமாக நினைக்க வேண்டாம்.

அடையாளம் சொல்கிறோம். பாரிசவாயு ஒரு பக்கத்துக் கையையும் காலையும் வீழ்த்துவது. இதுவோ இரண்டு பாதங்களிலும் மதமதப்பாகத் தொடங்கி, முழங்கால், இடுப்பு, கை என்று மேலே ஏறுவது. படியேற முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினால் கால் துள்ளாது. நான்கில் ஒருவருக்கு அது மார்பு வரையில் ஏறி, மூச்சு விடும் தசைகளைப் பிடித்துக்கொள்ளும். அப்போது யந்திரத்தின் உதவியால்தான் சுவாசம். நோயாளியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணச் சொல்லி டாக்டர்கள் கவனிப்பது இதனாலேயே. முன் நாள் முப்பது வரையில் எண்ணியவர் இன்று பதினைந்தில் நின்றால் அபாயம் நெருங்குகிறது என்று பொருள். வாதம் என்று எண்ணி, வைத்தியசாலைக்குப் போகாமல் எண்ணெய் தடவிப் பிடித்துவிட்டுக்கொண்டு வீட்டில் கழிக்கும் இரண்டு நாள், சில வேளைகளில் அந்த இரண்டே நாளாக இருந்துவிடுகிறது.

சிகிச்சை உண்டு. ரத்தத்திலுள்ள நீர்ப்பகுதியை யந்திரத்தின் வழியே வெளியேற்றி, அதனோடு நரம்பைத் தாக்கும் பொருள்களையும் களைவது ஒன்று. 1985-ல் அமெரிக்காவில் நடந்த பரீட்சையில் இதன் பலன் நிரூபணமாயிற்று. ஆயிரக்கணக்கானவர் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதத்தை ரத்தக்குழாய் வழியே ஏற்றுவது மற்றொன்று. 1992-ல் ஹாலந்துக்காரர்கள் அதுவும் முதலாவதற்குக் குறைந்ததல்ல என்று காட்டினர். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 24 கிராம் வீதம் 5 நாள். விலை லட்சங்களில் போகும். இரண்டையும் சேர்த்துச் செய்வதில் விசேஷ லாபம் இல்லை. ஸ்டிராய்டு மருந்து இந்நோய்க்குப் பயன்படாது என்பது ஆச்சரியம். ஏனெனில் இதன் உறவு முறையான, மாதக்கணக்கில் மெல்ல ஏறும் வேறொரு நரம்பு வியாதிக்கு அதே ஸ்டிராய்டு நன்றாகக் கேட்கிறது. பெரும்பாலோர் தேறுகின்றனர்; சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருஷங்கள். ஐந்தில் ஒருவர் ஆறு மாதம் கழிந்தும் துணையின்றி நடக்க முடியாதவராக இருக்கிறார்.

மீண்டும் பேகம்பூருக்கு வருவோம். இவற்றையெல்லாம் படித்தும், மதுரையில் டாக்டராக இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டும் தெரிந்துகொண்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனோம். "அம்மா, அன்று நாம் சிரித்தது தப்பு. உங்கள் தம்பிக்குக் கால் போனதற்கு அந்தக் காலத்து ஊசியே காரணமாயிருக்க வேண்டும்" என்று சொல்லி, ஆட்டு மூளையின் கதையை நம்மால் இயன்ற மட்டும் எளிதாகச் சொன்னோம். அந்த அம்மாள் சந்தோஷப்படுவார் என்று எண்ணியிருந்தோம். அவர் வெகு நேரம் பேசவில்லை.

பிறகு கேட்டார்: "அப்போ கருவாடு இல்லீங்களா?"

நமக்கு விளங்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். ஊசி போடும் நாட்களில் கடும் பத்தியம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்களாம். பத்தாம் நாள் தம்பி வாய்க்கு ருசியில்லை என்று கெஞ்சவே, அப்போது புதிதாகக் கல்யாணமாகியிருந்த இவர், ஒருவருக்கும் தெரியாமல் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாராம். இரண்டு நாளில் கால் விழுந்தது. பத்தியம் கெட்டதால் வந்தது என்று ஊரார் பேசினர். ஊற்றியவர் யாரென்பதைத் தாயாரிடமும் சொல்லவில்லை, தம்பியிடமும் சொல்லவில்லை. தம்பி காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"கருவாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அம்மா" என்றோம்.

"நிச்சயமா?"

"நிச்சயமாக."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், நமக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். இருபத்தெட்டாம் நாள் ஊசிக்குப் பையனை அழைத்துச் செல்ல நாம் போனபோது வீடு பூட்டியிருந்தது. பாட்டி காலையிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதாக அடுத்த வீட்டில் சொன்னார்கள்.