கேக் பெட்டியிலும் 'காம்பவுண்ட்' என்று எழுதுங்கள்

பிறந்தநாளுக்கு 'சாக்லேட் ட்ரஃபிள்' என்று சொல்லி நாம் வாங்கும் கேக்குகளில் பலவற்றின் மேல் பளபளப்பது சாக்லேட் இல்லை, காம்பவுண்ட். பேக்கரிச் சாமான் கடைகளில் பாளம் பாளமாகக் கிடைக்கும். உறையைத் திருப்பிப் பார்த்தால் சர்க்கரையும் ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பும் முன்னே நிற்கும். கோகோ பின்னால்தான் வரும். கோகோ கொட்டையின் சொந்தக் கொழுப்பான கோகோ பட்டரைத் தேடினாலும் பட்டியலில் இருக்காது. தயாரிப்பாளர் எதையும் மறைக்கவில்லை, உறையிலேயே எழுதித்தான் விற்கிறார். அந்த எழுத்து பேக்கரி அடுப்படியோடு நின்றுவிடுகிறது, கேக் வாங்குகிறவர் கைக்கு வருவதில்லை. என் ஆற்றாமை அதுதான்.

நான் பொள்ளாச்சியில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். எங்கள் பக்கம் தென்னந்தோப்பு நிழலில் கோகோ ஊடுபயிர். கொட்டையைப் புளிக்கவைத்துக் காயப்போடும் வாசம் தெரிந்த ஊரில், பிள்ளைகள் பாமாயில் வகைக் கொழுப்பைச் சாக்லேட் என்று நம்பி வளர்வது எனக்கு வலிக்கிறது.

காம்பவுண்டை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்பதும் தெரியும். கோகோ பட்டர் 34 டிகிரிக்கு அருகில் உருகிவிடும். வாயில் வைத்ததும் கரைகிற சுகம் அதனால்தான், சித்திரை வெயிலில் மேசையிலேயே குழைவதும் அதனால்தான். உருக்கிய டார்க் சாக்லேட்டை முறையாக ஆறவைத்து 31, 32 டிகிரியில் பிடிக்காவிட்டால் வெள்ளை பூத்து மங்கிப்போகும். டெம்பரிங் என்கிற இந்த வேலை காம்பவுண்டுக்குத் தேவையில்லை. அச்சில் ஊற்றி எடுக்கும் மிட்டாய்க்கு இது நியாயமான காரணம், ஒப்புக்கொள்கிறேன். கேக்குக்கு இதைச் சொல்வதை ஏற்க மாட்டேன். கேக் மேல் ஊற்றுவது கனாஷ். சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைப்பதற்கு டெம்பரிங் வேண்டவே வேண்டாம். கிரீம் கேக் எப்படியும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கப்போகிறது. அங்கே காம்பவுண்ட் குளிர்ந்து, நாக்கில் மெழுகு போலப் படிகிறது.

மிச்சம் இருப்பது விலை. 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் சுமார் 2,500 டாலர். ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் சரிந்ததன் விளைவு. சின்னக் கடைக்காரர் திணறியது உண்மை.

ஆனால் கேக் முழுவதற்கும் சாக்லேட் எதற்கு? மாவுக்குள் நல்ல கோகோ பவுடரே போதும். வெந்த கேக்கின் மணம் பெரும்பாலும் அதிலிருந்து வருவதுதான். பவுடரை மாவோடு சலித்துப் போடாமல், கொதிக்கும் ஃபில்டர் காபி டிகாஷனில் கரைத்துச் சற்று ஊறவிட்டுப் பாருங்கள், மணம் எழும்பி வரும். காபி தனியாகத் தெரியாது, கோகோவின் கசப்பை ஆழமாக்கும். பவுடர் வாங்கும்போதும் உறையைப் படியுங்கள். அமிலத்தன்மை சீராக்கி 501 என்று இருந்தால் அது காரம் சேர்த்த டச்சு வகை. கருப்பாக, மென்மையாக இருக்கும். பேக்கிங் பவுடரோடு பழகும். காரம் சேர்க்காதது இளநிறம், புளிப்பு உள்ளது. சமையல் சோடாவோடு சேர்ந்தால் கேக் எழும்பும். தயிர், மோர் போன்ற புளிப்பு எதுவும் சேர்க்காமல் டச்சு பவுடரில் வெறும் சோடாவைப் போட்டால் கேக் சரியாக எழும்பாமல் சவுக்காரச் சுவை தட்டும்.

பிறகு மேலே மெல்லிய பூச்சுக்கு மட்டும் 100 கிராம் அசல் டார்க் சாக்லேட், 100 மில்லி கிரீம். ஒரு கிலோ கேக்குக்கு இது தாராளம். பணத்தை நாக்கு முதலில் தொடும் இடத்தில் செலவழித்தால் போதும். அதற்கும் கட்டுப்படியாகாதவர் கோகோ பவுடர், வெண்ணெய், சர்க்கரையைக் காய்ச்சி ஊற்றட்டும். காம்பவுண்டை விட அது எனக்கு எவ்வளவோ உயர்ந்தது.

காம்பவுண்டைத் தடை செய்யச் சொல்லவில்லை. குறைந்த விலைக்கு வேண்டுபவர் தெரிந்தே வாங்கட்டும். என் விலைப்பட்டியலில் மேல்பூச்சு எதனால் ஆனது என்று ஒவ்வொரு கேக்குக்கும் எழுதியிருக்கிறேன். மற்ற பேக்கரிகளும் வீட்டு அடுப்புக்காரர்களும் எழுத வேண்டும்; உணவுப் பாதுகாப்புத் துறை கேக் பெட்டிக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை ஆர்டர் கொடுக்கும்போது, "மேலே ஊற்றுவதில் கோகோ பட்டர் உண்டா, அதன் உறையைக் காட்டுங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.