ஒரு தாள் மட்டும் தீர்ப்பாகாது

"இ.சி.ஜி. நார்மல்தான்; வாயுத் தொல்லையாக இருக்கும்" என்று தங்களைத் தாங்களே தேற்றிக்கொண்டு வீடு திரும்பியவர்கள், சில மணி நேரத்தில் மாரடைப்போடு எங்களிடம் வருவதுண்டு. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் இ.சி.ஜி. எடுக்கும் பரிசோதனைக் கூடங்களுக்குக் குறைவில்லை. ஆயினும், நெஞ்சுவலியோடு அங்குச் செல்வது சரியன்று என்பதே எங்கள் கருத்து.

இதயத்தின் மின்னோட்டத்தை 12 கோணங்களில் பதிவு செய்யும் இ.சி.ஜி., வழக்கமாகச் சுமார் 10 வினாடிகளை மட்டுமே காட்டுகிறது. மாரடைப்பின் தொடக்கத்தில் அப்பதிவு இயல்பாகவே அமையக்கூடும்; வந்து மறையும் படபடப்பும் அதில் சிக்காமல் போகலாம். ஆகவேதான் வலி தொடர்ந்தால் இடைவெளி விட்டு மீண்டும் இ.சி.ஜி. எடுக்கிறோம், இரத்தத்தில் ட்ரோபோனின் அளவையும் பார்க்கிறோம். இந்தக் காத்திருப்பை வீண் செலவென்று எண்ண வேண்டாம்.

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் தோன்றினால், சோடா குடித்துப் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். நீரிழிவு நோயாளிகளுக்கும் முதியோருக்கும் வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். சொந்த ஊரில் வாழும் பெற்றோரிடமும் கூறுங்கள்: தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதற்கட்ட மாத்திரைகள் கிடைக்கின்றன.

பழைய இ.சி.ஜி. தாளையும் எறிந்துவிடாதீர்கள். அச்சு மங்கிவிடும் என்பதால் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பழைய பாதிப்பு எது, புதிய மாற்றம் எது என்று நாங்கள் பிரித்தறிய அது பெரிதும் உதவும்.