கூட்டலா, கழித்தலா?

தோழரே!

சென்னையின் தெற்கே கடற்கரைச் சாலை வழியே செல்பவர் காணும் காட்சி இது. நீண்டுயர்ந்த மதில். மதிலுக்குப் பின்னே புல்வெளி, நீச்சல் குளம், குளிரூட்டிய வகுப்பறை. வாயிலில் 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்று பெயர்ப் பலகை. ஆண்டுக் கட்டணம் பல இலட்சம். 'இருமொழிச் சூழலில் குழந்தைகள் வளர்கிறார்கள்' என்று விளம்பரத் தாள் பெருமை பேசுகிறது.

இருமொழி! அந்தச் சொல்லைக் கண்டதும் நம்மவர் நெஞ்சம் நிமிர்கிறது. நிமிராதா பின்னே? அது நாம் பெற்று வளர்த்த சொல் அல்லவா? 1939ஆம் ஆண்டு சிறைப்பட்ட நிலையில் நடராசனும் தாளமுத்துவும் உயிர் நீத்தார்களே, 1964ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி தன் உடலுக்குத் தானே தீயிட்டுக் கொண்டாரே, 1965ஆம் ஆண்டு மாணவர் பட்டாளம் துப்பாக்கிக்கு எதிரே நின்றதே - அத்தனைக்கும் பிறகன்றோ 1968ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள், அண்ணா முதலமைச்சராக வீற்றிருந்த சட்டமன்றத்தில் இருமொழித் திட்டம் தீர்மானமாயிற்று! தமிழும் ஆங்கிலமும் போதும், மூன்றாவது வேண்டாம் என்றோம். இரண்டில் ஒன்றே போதும் என்று எந்த மேடையில் சொன்னோம்? எந்த மாநாட்டில் தீர்மானம் போட்டோம்?

இதை இன்று எழுத நேர்ந்த காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் தோழர் ஒருவர், 1986ஆம் ஆண்டு இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றவர். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களை அவருடைய துணைவியார் ஒரு தகரப் பெட்டியில் இன்றுவரை காத்து வைத்திருக்கிறார். சென்ற திங்கள் அவர்கள் இல்லத்திற்குப் போயிருந்தேன். பேச்சு பழங்கதைக்குத் திரும்பியது, பெட்டி திறக்கப்பட்டது. அம்மையாருக்குக் கண்ணில் புரை. பத்து வயதுப் பேரனை அழைத்து, "தாத்தா எழுதினதைப் படிச்சுக் காட்டுப்பா" என்று ஒரு கடிதத்தைக் கொடுத்தார். பையன் அறிவுக் கொழுந்து. அதற்குச் சற்று முன்னர்தான் சனிக்கோளின் வளையங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எனக்கு வகுப்பே நடத்தியிருந்தான். கடிதத்தைப் பார்த்தான். முதல் சொல்லை எழுத்துக் கூட்டினான். இரண்டாம் சொல்லில் நின்றான். "இது எனக்கு வராது பாட்டி" என்று தாளை நீட்டிவிட்டு ஓடிவிட்டான். தோழர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்தப் பையன் பயில்வது மேலே சொன்ன வகைப் பள்ளிகளில் ஒன்றில். அங்கே தமிழுக்குக் கிழமைக்கு மூன்று பாடவேளை. மற்றவை அனைத்தும் - கணக்கு, அறிவியல், வரலாறு, ஆட்டம், பாட்டு, சாப்பாட்டு மேசைப் பேச்சு - ஆங்கிலம். இதற்குத்தான் இருமொழி என்று பெயர்!

"ஆங்கிலத்தின் மேல் என்ன பகை? உலகம் சுருங்கிவிட்ட காலத்தில் பன்னாட்டுக் கல்வி கூடாதா?" என்று கேட்பார் உண்டு. கேட்கட்டும். ஆங்கிலத்தை நாம் என்றைக்கும் பகைத்ததில்லை. உலகைக் காட்டும் பலகணி என்றே கொண்டோம். பலகணி வேண்டும் என்பதற்காக வீட்டை இடித்துவிட்டுப் பலகணியை மட்டும் நிறுத்தி வைப்பார் உண்டோ என்பதே நம் கேள்வி.

பன்னாட்டுப் பள்ளி என்பது எப்படிப் பிறந்தது? முதல் உலகப் போர் முடிந்து, ஜெனிவா நகரில் நாடுகளின் சங்கமும் பன்னாட்டுத் தொழில் அமைப்பும் அமைந்தன. அவற்றில் பணியாற்றப் பல நாட்டு அலுவலர்கள் குடும்பத்தோடு வந்திறங்கினர். இன்று ஜெனிவா, நாளை எந்த ஊரோ என்றிருந்த அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1924ஆம் ஆண்டு தோன்றியதே ஜெனிவா பன்னாட்டுப் பள்ளி. ஆங்கிலமும் பிரெஞ்சும் அங்கே பயிற்று மொழிகள். ஊர் விட்டு ஊர் மாறும் பிள்ளைக்கு எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்கும் சான்று வேண்டும் என்ற தேவையிலிருந்து, 1968ஆம் ஆண்டு அதே நகரில் 'இன்டர்நேஷனல் பக்கலோரியா' அமைப்பு உருவாயிற்று. நாம் இருமொழித் தீர்மானம் நிறைவேற்றிய அதே ஆண்டு!

தேவைக்குப் பிறந்த பள்ளி அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைக்கு வந்த கொரியப் பொறியாளர் தம் பிள்ளையை அப்படிப்பட்ட பள்ளியில் சேர்த்தால் அதில் பொருள் இருக்கிறது. மயிலாப்பூரில் பாட்டன், மாம்பலத்தில் மாமன், சைதாப்பேட்டையில் சொந்த வீடு என்றிருக்கும் பிள்ளைக்கு நாடோடியின் கல்வி எதற்கு?

இனி, கல்வி அறிஞர்கள் கண்ட ஓர் உண்மையைக் கேளுங்கள். கனடாவில் மாண்ட்ரியால் மாநகரை அடுத்து செயிண்ட் லாம்பெர்ட் என்று ஓர் ஊர். அங்கே ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர், 'எங்கள் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே பிரெஞ்சு மொழியில் கற்றுக் கொடுங்கள்' என்று போராடி, 1965ஆம் ஆண்டு ஒரு வகுப்பைத் தொடங்க வைத்தனர். மெக்கில் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் வாலஸ் லாம்பெர்ட் அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். (ஊர்ப் பெயரும் அறிஞர் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.) பிள்ளைகள் பிரெஞ்சில் தேர்ந்தனர், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. 'பார்த்தீர்களா, வேற்று மொழியில் படித்தால் தாய்மொழி கெடுவதில்லை!' என்று இந்த ஆய்வைச் சான்றுக்கு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்பவர்கள்.

மீதிக் கதையையும் லாம்பெர்ட்டே சொன்னார். அந்தப் பிள்ளைகளின் தாய்மொழி ஆங்கிலம். கடையில், வங்கியில், திரையில், கண்டம் முழுதும் கொடிகட்டிப் பறக்கும் மொழி. பள்ளி அதைத் தொடாமல் விட்டாலும் அது வாடாது. எனவே பிரெஞ்சு அவர்களுக்குக் கூட்டல். வலிமை குன்றிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளையை, வலிமை மிக்க மொழிப் பள்ளியில் தள்ளினால் நடப்பதோ கழித்தல். புதுமொழி வர வர வீட்டுமொழி தேய்கிறது. கூட்டும் இருமொழி, கழிக்கும் இருமொழி என்று அவர் பிரித்துக் காட்டினார்.

சென்னையில் ஆங்கிலம் மாண்ட்ரியாலின் பிரெஞ்சா? எந்த மொழி பேசினால் வேலை, எந்த மொழி பேசினால் மதிப்பு, எந்த மொழியில் எழுதினால் வங்கி மேலாளர் நிமிர்ந்து பார்க்கிறார் என்பதை நான் சொல்லியா நீங்கள் அறிய வேண்டும்? தகரப் பெட்டியின் முன் நான் கண்டது கழித்தல் கணக்கின் விடை.

சரி, உண்மையான இருமொழிப் பள்ளி எங்கேனும் உண்டா? உண்டு. பெர்லின் மாநகரில் உண்டு. 1992ஆம் ஆண்டு தொடங்கி, 'ஐரோப்பியப் பள்ளி' என்ற பெயரில் நகர அரசே நடத்துகிறது. அரசுப் பள்ளி, இலட்சங்களுக்கு அங்கே வேலை இல்லை. ஜெர்மன் மொழியோடு இணையாக இன்னொரு மொழி: ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், இத்தாலியம், ஸ்பானியம், கிரேக்கம், துருக்கியம், போர்த்துகீசியம், போலியம் என ஒன்பது இணைகள். வகுப்பில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஜெர்மன் வீட்டுப் பிள்ளைகள். பாதிப் பேர் இணைமொழி வீட்டுப் பிள்ளைகள். அவரவர் தாய்மொழியில் முதலில் எழுத்தறிவு, பின்னர் மற்றது. பாடங்களும் இரு மொழிகளுக்கும் பங்கிடப்படுகின்றன. சூழலியலையும் வரலாற்றையும் இணைமொழியில் கற்பிக்கிறார்கள்.

அந்த ஒன்பதில் துருக்கியம் இருப்பதைக் கவனியுங்கள், தோழரே! 1961ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கூலி வேலைக்கு வந்தவர்களின் மொழி அது. தொழிலாளர் குடியிருப்பாகப் பெயர்பெற்ற கிராய்ஸ்பெர்க் பகுதியில், துருக்கிய எழுத்தாளர் அஜீஸ் நெசின் பெயரைத் தாங்கி நிற்கிறது ஓர் அரசுப் பள்ளி. ஆலைத் தொழிலாளியின் பேத்தியும் ஜெர்மன் வீட்டுப் பையனும் அருகருகே அமர்ந்து இரு மொழியும் பயில்கிறார்கள். வந்து குடியேறியவரின் மொழிக்கு அங்கே அந்த இடம். இருந்த வீட்டில் பிறந்த மொழிக்கு இங்கே மூன்று பாடவேளை!

'பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் தமிழுக்கு இடமில்லை, நாங்கள் என்ன செய்வது?' என்று பள்ளிகள் கைவிரிக்குமானால் நம்பாதீர்கள். பக்கலோரியாப் பட்டயப் படிப்பில் ஒவ்வொரு மாணவரும் இரண்டு மொழி பயின்றே தீர வேண்டும். எழுத்திலக்கியம் வாய்ந்த தாய்மொழியை முதல் மொழியாக எடுக்க வழி இருக்கிறது. ஆசிரியர் இல்லாத மொழியைப் பள்ளியின் துணையோடு தாமே பயின்று எழுதவும் வழி இருக்கிறது. இரு மொழிகளில் இலக்கியம் பயின்று தேறினால் 'இருமொழிப் பட்டயம்' என்று தனிச் சிறப்பே தருகிறார்கள். ஜெனிவாக்காரன் கதவைத் திறந்தே வைத்திருக்கிறான். பூட்டுப் போட்டவர்கள் நம் ஊரார்.

நம் ஊரார் என்று சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியுமா? 2006ஆம் ஆண்டு தமிழ் கற்கும் சட்டம் வந்தது. முதல் வகுப்பில் தொடங்கிப் பத்தாம் வகுப்பு வரை படிப்படியாகத் தமிழ் கட்டாயம் என்றது. பிற பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் 2014ஆம் ஆண்டு அரசாணை பிறந்தது. கட்டாயம் வந்தது, கருத்து வந்ததா? மேல்நிலை வகுப்பில் ஏறியவுடன், மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்று தமிழை விட்டுப் பிரெஞ்சுக்குத் தாவும் பிள்ளைகளின் பெற்றோரில் நம் கூட்டத்துக்குக் கைதட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மொழிப்போர் ஈகியர் நாளில் கருப்புச் சின்னம் அணிந்து வருவோரில், பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோரும் இருக்கிறார்கள். கசப்பாகத்தான் இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் கசக்கும்.

ஆகவே, தோழரே, பள்ளியை மாற்று என்று உங்களுக்கு நான் ஆணையிடவில்லை. கட்டணம் கட்டுகிறவர் நீங்கள். கேட்கும் உரிமையும் உங்களுக்கே. 'அறிவியலோ வரலாறோ, ஒரு பாடத்தையேனும் தமிழில் நடத்துகிறீர்களா?' என்று கேளுங்கள். நம் மன்றங்களில் இருப்போர் அரசிடம் கேட்க வேண்டியது வேறொன்று. பெர்லினில் ஒரு நகர அரசு செய்ததைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நாம் செய்ய என்ன தடை? தமிழும் ஆங்கிலமும் சரிபாதியாக, கட்டணமின்றி, முதலில் பத்துப் பள்ளிகளில் தொடங்கலாமே! குப்பத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் கூட்டலாக வரட்டும். மாளிகைப் பிள்ளையும் அந்த வாயிலுக்கு வந்து வரிசையில் நிற்கட்டும்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தத் தோழரிடம் படித்துக் காட்டினேன். "என் பெயரைப் போடாதே" என்றார். சற்று நேரம் கழித்து, வரும் சனிக்கிழமை பேரன் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது, மகனோடு தாமும் போகப் போவதாகச் சொன்னார்.