குழந்தையை அறிந்த ஆசிரியர்

நாட்டின் கல்வி நிலையை அளக்க முற்படுவோர் பல்கலைக்கழகங்களின் தரவரிசையையும் பொதுத்தேர்வின் தேர்ச்சி விழுக்காட்டையுமே பெரும்பாலும் எடுத்துக் காட்டுகின்றனர். அவ்வளவைகள் வேண்டாதவை என யாம் கூறவில்லை. ஆயினும், வாழ்வில் உயர்ந்த ஒருவர் தம்மை உருவாக்கியவர் இவரென நன்றியோடு ஒருவரைச் சுட்டும்போது, அச்சுட்டு மீண்டும் மீண்டும் சென்று நிற்குமிடம் ஏதோவொரு தொடக்கப் பள்ளியின் வகுப்பறையாகவே இருக்கக் காண்கிறோம். அங்குக் கற்ற எழுத்தும் எண்ணும் பின்னர்க் கற்றவற்றோடு கலந்துவிட, ஆசிரியர் தம்மை நடத்திய முறை மட்டும் தனித்து நின்று அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் நெறி காட்டுகிறது. பாடநூல் வகுக்காத இக்கல்வியை வழங்கும் கடமை ஆசிரியருடையது என்றால், அதனை வழங்குவதற்குரிய பொழுதையும் மதிப்பையும் அவருக்கு உறுதிசெய்யும் கடமை சமுதாயத்துடையதும் அரசுடையதும் ஆகும்.

அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த அல்ஜியர்ஸ் நகரில், பெல்கூர் என்னும் உழைப்பாளர் குடியிருப்பில் வளர்ந்தவர் எழுத்தாளர் ஆல்பெர் காம்யு. 1913-இல் பிறந்த அவருக்கு ஓராண்டு நிறையுமுன்பே, முதல் உலகப் போரில் பட்ட காயத்தால் தந்தை இறந்தார். செவித்திறன் குன்றியவரும் எழுதப் படிக்க அறியாதவருமான தாய், பிறர் வீடுகளில் துப்புரவுப் பணி செய்து குடும்பத்தைத் தாங்கினார். வீட்டில் பாட்டியின் சொல்லே சட்டம். பையன் தொழில் பழகிக் கூலி கொண்டுவர வேண்டும் என்பது அம்மூதாட்டியின் எண்ணம். வறுமை வகுத்த அவ்வெண்ணத்தைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. தொடக்கப் பள்ளியில் அவருக்குக் கற்பித்த லூயி ஜெர்மேன் என்பவரோ, சிறுவனின் திறமையைக் கண்டறிந்து, உதவித்தொகைத் தேர்வுக்காக அவரையும் வேறு சில மாணவரையும் வகுப்பு நேரத்திற்கு அப்பாலும் பயிற்றி, வீட்டாரின் இசைவையும் பெற்று, 1924-இல் அவர் உயர்நிலைப் பள்ளியில் சேர வழிசெய்தார்.

1957-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு காம்யுவைத் தேடி வந்தது. வாழ்த்துகளின் ஆரவாரம் சற்றே அடங்கியபின், அவ்வாண்டு நவம்பர் 19 அன்று அவர் தம் பழைய ஆசிரியருக்கு ஒரு மடல் எழுதினார். செய்தி அறிந்தவுடன் தாயை அடுத்துத் தாம் நினைத்தது அவரையே என்றும், ஏழைச் சிறுவனுக்கு அவர் நீட்டிய அன்புக் கரமும் அளித்த கல்வியும் இல்லையேல் இவற்றுள் எதுவும் நிகழ்ந்திராது என்றும் அதில் தெரிவித்தார். சுவீடனில் ஆற்றிய உரைகள் நூலானபோது அந்நூலையும் ஜெர்மேனுக்கே காணிக்கையாக்கினார். 1960 ஜனவரி 4-இல் ஊர்தி விபத்தில் அவர் உயிர் நீத்தபோது உடன் கிடைத்த கைப்படி, 1994-இல் 'முதல் மனிதன்' என்னும் நாவலாக வெளிவந்தது. முற்றுப்பெறாத அந்நாவலில், ஆசிரியர் ஒருவர் மாணவனின் வீட்டிற்கே வந்து பாட்டியிடம் பேசும் காட்சி உண்டு. வாழ்வின் இறுதி ஆண்டுகளில் காம்யு எழுத விரும்பியவற்றுள் அதுவும் ஒன்று.

எனினும் யாம் வாசகர்முன் வைக்க விரும்புவது, 1959-இல் ஜெர்மேன் தம் மாணவருக்கு எழுதிய மடலையே. கடமையுணர்வுள்ள ஆசிரியர் தம் பிள்ளைகளை அறிந்துகொள்ளும் வாய்ப்பு எதனையும் தவறவிடார் என்றும், ஒரு விடை, ஓர் அசைவு, ஒரு தோற்றம் ஆகியவையே அவர்களை வெளிப்படுத்திவிடும் என்றும் அதில் அவர் குறிப்பிடுகிறார். அத்தகைய கூர்ந்த நோக்குடையவரே, காம்யு குடும்பத்தின் உண்மை நிலையைத் தாம் ஊகித்ததேயில்லை என்றும், உதவித்தொகைப் பட்டியலில் மகன் பெயரைச் சேர்ப்பது குறித்துப் பேசத் தாய் வந்தபோதுதான் அதனை ஓரளவு உணர்ந்ததாகவும் கூறுகிறார். வகுப்பிலிருக்கும் மகிழ்ச்சி சிறுவனின் முகத்திலிருந்து வறுமையை மறைத்திருந்தது. குழந்தையை அறிவது அத்துணை அரிய பணி. குழந்தை தன் உண்மையைத் தானே தேடிக்கொள்ளும் உரிமையே அதனிடத்துள்ள மிகப் புனிதமான பொருள் என மதித்து, இறைநம்பிக்கை பற்றிய பேச்சு எழுந்தபோது, நம்புவோரும் உளர், நம்பாதோரும் உளர் எனக் கூறுவதோடு தாம் நின்றதாகவும் அவ்வாசிரியர் எழுதியுள்ளார். மாணவரின் அன்பைப் பெற்ற ஒருவர் தம் கருத்தை அவர்மேல் ஏற்றாதிருப்பது எளிய ஒழுக்கமன்று. அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதனைப் பயன்படுத்த மறுக்கும் உயர்ந்த துறவு அது.

நம் கடற்கரையிலும் இதற்கு நிகரான முன்மாதிரி உண்டு. இராமேசுவரம் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில், புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், தொப்பி அணிந்திருந்த அப்துல் கலாமைப் பூணூல் அணிந்த நண்பரின் பக்கத்திலிருந்து எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பினார். அவரும் ஒரு பாடத்தையே புகட்டினார் என்பதை நாம் மறத்தலாகாது. அது நிலைத்துவிடாமற் போனதற்குக் காரணம், நண்பரின் தந்தையும் கோயிலின் தலைமை அர்ச்சகருமான இலட்சுமண சாஸ்திரியார் அவ்வாசிரியரை அழைத்து, ஒன்று வருத்தம் தெரிவிக்க வேண்டும், அன்றேல் ஊரைவிட்டு நீங்க வேண்டும் என உறுதியாகக் கூறியதே. அதே பள்ளியின் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், கலாமைத் தம் வீட்டிற்கு உணவருந்த அழைத்தார். துணைவியார் பரிமாற மறுத்தபோது கடிந்துரையாமல், தாமே பரிமாறிச் சிறுவனின் அருகமர்ந்து உண்டார். அடுத்த வாரமும் வருமாறு பணித்தார். அடுத்த வாரம் அவ்வம்மையாரே சிறுவனை அடுக்களைக்குள் அழைத்துச் சென்று தம் கையால் உணவிட்டார். பறவை பறக்கும் முறையைக் கடற்கரையில் காட்டி வானூர்தித் துறைக்கு அவரை ஈர்த்தவர் என்றே ஐயரைப் பலரும் போற்றுவர். இந்நாட்டின் குடியரசுத் தலைவராகக் கலாம் எல்லாச் சமயத்தாரோடும் ஒன்றி நின்றதற்கு அந்த இலையும் அந்த உணவும் ஆற்றிய பங்கினை, பறவைப் பாடத்தினும் பெரிதாகவே யாம் மதிக்கிறோம்.

இனி, இன்றைய நிலையை நோக்குவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பெற்றோரை முறையாகச் சந்தித்து, குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துரைப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக 24-ஆம் பிரிவில் வகுத்துள்ளது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர்த் துயர்நீக்கம், தேர்தல் ஆகியவை நீங்கலாகக் கல்விசாராப் பணி எதிலும் அவரை ஈடுபடுத்தலாகாது என 27-ஆம் பிரிவு தடுக்கிறது. அறுபது குழந்தைகள் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர் வேண்டும் என்பது அதன் அட்டவணை. ஆயினும் ஒற்றை ஆசிரியரே ஐந்து வகுப்புகளையும் தாங்கும் பள்ளிகள் இன்றும் உள்ளன. பிள்ளைகளைப் பற்றிய விவரங்களை இணையத்தில் ஏற்றும் வேலை, பிள்ளைகளோடு பேசும் பொழுதை உண்கிறது. பல நாள் வராத குழந்தையின் வீட்டிற்கு ஒரு மாலை நடந்து செல்ல விழையும் ஆசிரியரை, அன்று மாலைக்குள் அனுப்பவேண்டிய படிவம் தடுத்து நிறுத்துமாயின், சட்டத்தின் ஒரு பிரிவை நிறைவேற்ற விடாமல் தடுப்பது நிருவாகமே.

ஆகவே, ஒற்றை ஆசிரியர் பள்ளி ஒவ்வொன்றிலும் இரண்டாம் ஆசிரியரை அமர்த்துவதையும், பதிவேற்றப் பணிகளைத் தனி எழுத்தரிடம் ஒப்படைப்பதையும் அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்திற்குள் அரசு செய்துமுடிக்க வேண்டும். செப்டம்பர் 5 அன்று வழங்கப்பெறும் நல்லாசிரியர் விருதுக்குரியோரைத் தேரும் குழுவினரும், விண்ணப்பத்தோடு வரும் சான்றிதழ்களை எண்ணுவதற்குமுன், அவ்வாசிரியரிடம் முன்னர்ப் படித்தவர்களையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்துக் கேட்பார்களாக.