சர்வே ஓட்டுப் போடாது, நாமதான் போடணும்!

"நம்ம தொகுதி உறுதி, சர்வேயே சொல்லிடுச்சு"ன்னு ஸ்டேட்டஸ் வைக்கும் நண்பர்களே, ஒரு நிமிஷம்.

சர்வே எடுப்பதையே பெரிய தொழிலாக வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே என்ன நடந்ததுன்னு பாருங்க.

2022, காங்கிரஸ் கீழவைத் தேர்தல், கொலராடோ 3-வது தொகுதி. குடியரசுக் கட்சியின் லாரன் போபர்ட் ஜெயிக்க 100-க்கு 97 வாய்ப்பு என்று ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் கணித்தது. 3 லட்சத்து 27 ஆயிரம் ஓட்டுகளை எண்ணி முடித்தபோது, ஜனநாயகக் கட்சியின் ஆடம் ஃபிரிஷ்ஷை விட அவர் கூடுதலாக வாங்கியது வெறும் 546!

"கணிப்பு பலிச்சிடுச்சே"ன்னு கேட்பீங்க. சரி. ஆனா "எப்படியும் தோத்துடுவோம்"னு வீட்டிலேயே உட்கார்ந்த ஃபிரிஷ் ஆதரவாளர்களில் 547 பேர் கிளம்பி வந்திருந்தால்? அந்த 97 குப்பைக்குப் போயிருக்கும்.

2020, அயோவா 2-வது தொகுதி. கிட்டத்தட்ட 4 லட்சம் ஓட்டு. மறு எண்ணிக்கை முடிந்தபோது மரியானெட் மில்லர்-மீக்ஸ் ஜெயித்தது 6 ஓட்டில். ஒரு வீட்டு ஓட்டு, அவ்வளவுதான்!

கலிஃபோர்னியா 13-வது தொகுதி. 2022-ல் ஆடம் கிரே 564 ஓட்டில் ஜான் டுவார்டேவிடம் தோற்றார். 2024-ல் அதே டுவார்டேவை 187 ஓட்டில் வீழ்த்தினார். இந்த வித்தியாசத்தை எந்த சர்வே முன்கூட்டிச் சொல்ல முடியும்?

சொல்லவே முடியாது. கணக்கு சிம்பிள். 600 பேரிடம் கேட்டால் ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணும் 4 சதவீதம் கூடலாம், குறையலாம். இருவருக்கும் இடையிலான முன்னிலையில் அது 8 வரை போகும். 2018-ல் பியூ ஆய்வு மையம் போன் போட்டபோது 100-க்கு 6 பேர்தான் பதில் சொன்னார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கு. "உங்களுக்குத்தான் ஓட்டு" என்று சொன்னவர் அன்னைக்கு வருவாரா? அதை சர்வேக்காரர் ஊகிக்கத்தான் முடியும். அமெரிக்க இடைக்காலத் தேர்தலில் 2014-ல் தகுதியுள்ளவர்களில் சுமார் 37 சதவீதம் பேர் வந்தார்கள், 2018-ல் சுமார் 50 சதவீதம். மக்களும் கட்சிகளும் அதேதான். வந்த ஆள் மாறினால் ரிசல்ட்டும் மாறுது.

ஓட்டுதானே, போனா என்னன்னு நினைக்காதீங்க. 2024-ல் குடியரசுக் கட்சி 220, ஜனநாயகக் கட்சி 215. குடியரசுக் கட்சி மிகக் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்த 3 தொகுதிகளையும் கூட்டினால் சுமார் 7,300 ஓட்டு. அந்த மூன்றும் மாறியிருந்தால் பெரும்பான்மையே மாறியிருக்கும். 2025 மே மாதம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டை வெட்டும் மசோதா அதே அவையில் 215-214 என்று ஒரே ஓட்டில் நிறைவேறியது. வீட்டில் தூங்கியவனின் ஓட்டு கடைசியில் யார் மருந்துச் சீட்டில் போய் விழுந்ததுன்னு யோசிங்க.

நமக்கும் இது புதுசில்லை. 2016 ராதாபுரம், 49 ஓட்டு. 2021 தியாகராய நகர், 137 ஓட்டு. ஒரு தெருவுக்குள் முடியும் கணக்கு.

அதனால நண்பர்களே, சாதகமான சர்வே வந்தால் தூங்காதீங்க, பாதகமா வந்தால் துவண்டு போகாதீங்க. இரண்டையும் பரப்புகிறவனுக்கு லாபம் ஒன்றுதான்: நம்ம ஆள் வீட்டிலேயே இருந்துடணும்!

கொலராடோவில் இரண்டு கட்சித் தொண்டர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? கையெழுத்து பொருந்தாமல் நிறுத்தி வைக்கப்பட்ட தபால் ஓட்டுகளைச் சரிசெய்ய, தேர்தல் முடிந்த பிறகும் 8 நாள் அவகாசம் உண்டு. அந்த வாக்காளர்களை ஒவ்வொருவராகத் தேடினார்கள்.

நாமும் தேடுவோம். பட்டியலில் உங்க பேர், வீட்டார் பேர் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. விடுபட்டவர்களுக்குப் படிவம் 6 எழுதிக் கொடுங்க. வெளியூரில் வேலை பார்க்கும் பசங்களுக்கு இப்பவே டிக்கெட் போடச் சொல்லுங்க. வாக்குப்பதிவு அன்று காலையில் நீங்க ஓட்டுப் போட்டுட்டு, நடக்க முடியாத தாத்தா, பாட்டியைக் கூட்டிட்டு வாங்க.

சர்வே ஷேர் பண்ற நேரத்தில் 10 பேருக்கு போன் போடுங்க. இந்தப் பதிவை உங்க பூத் குரூப்பில் போடுங்க.

#பூத்துக்கு_வாங்க